சுவரில் சிரிக்கும் பூ

உதகைக்குப் போனால், பாதையோரக் கருங்கல் சுவர்களைச் சற்று நின்று பாருங்கள். இடுக்குகளில் சாமந்தியின் குட்டித் தங்கை போல் ஒரு பூ சிரிக்கும். மலரும்போது வெள்ளை, பிறகு ரோஜா நிறம். பெயர் மெக்ஸிகன் டெய்ஸி. பிறந்த வீடு மெக்ஸிகோ. நீலகிரி புகுந்த வீடு!

குளிர்ந்த ஊர்க்காரர்கள் இதைச் சுலபமாக வளர்க்கலாம். விதையை ஈர மண்ணின் மேல் தூவினால் போதும், மூட வேண்டாம். வெயில் படவேண்டும், தண்ணீர் தேங்கக்கூடாது. பூத்து ஓய்ந்ததும் கத்தரித்துவிட்டால், மறுபடி துளிர்த்துப் பல வருஷம் பூக்கும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை: விதை காற்றில் பறந்து, அந்த மண்ணுக்கே உரிய செடிகளின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். நியூஸிலாந்தில் இதை விற்கவே தடை. ஆகவே தொட்டியில் வையுங்கள். வாடிய பூக்களை உடனே கிள்ளிவிடுங்கள். வந்த மருமகள் வீட்டாரை விரட்டலாமா?