சம்பளச் சீட்டும் சமத்துவமும்



"பெண் உன்னைவிட அதிகம் படித்தவள், அதிகம் சம்பாதிப்பவள். நாளைக்கு உன் பேச்சு வீட்டில் எடுபடுமா, தம்பி?" 2005ஆம் ஆண்டில் என் தாய்மாமா என்னிடம் கேட்ட கேள்வி இது.

அப்பொழுது நான் மூன்றாண்டு ஆசிரியர் பயிற்சியை முடித்து, டிப்ளோமா சான்றிதழோடு தமிழ்ப்பள்ளியில் சேர்ந்திருந்த புதிய ஆசிரியன். நான் விரும்பிய பெண்ணோ மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டம் பெற்று, பாயான் லெப்பாஸ் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் பொறியாளராகப் பணியாற்றி வந்தார். அவருடைய சம்பளம் என்னுடையதைப் போல் இரு மடங்கு. லிட்டில் இந்தியாவில் நாங்கள் சேர்ந்து உணவருந்தினால், அவர் கையில் பணப்பை திறந்திருந்தாலும் பில் என் முன்னால்தான் வைக்கப்படும்!

ஆண் அதிகம் ஈட்டுவதே இயற்கை என்று பலர் எண்ணுகின்றனர். அஃது இயற்கையன்று, மனிதர் வகுத்த விதி. நம் ஆசிரியத் தொழிலையே சான்றாகக் கொள்வோம். ஒரே தகுதியுடன் ஒரே வேலையைச் செய்தாலும், இந்நாட்டில் ஆசிரியைக்கு ஆசிரியரைவிடக் குறைந்த ஊதியமே ஒரு காலத்தில் வழங்கப்பட்டது. இதனை எதிர்த்து 1960இல் தோன்றிய பெண் ஆசிரியர் சங்கத்தின் முதல் தலைவர் ஒரு தமிழ்ப்பெண்மணி. நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் இருந்த ராசம்மா பூபாலன்தான் அவர். நெடிய போராட்டத்திற்குப் பின், 1969இல்தான் அரசுப் பணியில் சம ஊதியம் நடைமுறைக்கு வந்தது. வருமான வரிக் கணக்கிலும் மனைவியின் வருமானம் இயல்பாகவே தனித்துக் கருதப்படுவது 1991 முதல்தான்.

இன்று நம் பொதுப் பல்கலைக்கழக மாணவர்களில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் பெண்கள். வகுப்பறையில் மாணவியரை, "நன்றாகப் படியுங்கள்" என்று ஊக்குவிக்கிறோம். அவர்கள் படித்து உயர்ந்தபின், "இவ்வளவு படித்தால் மாப்பிள்ளை கிடைப்பானா?" என்று கேட்பது எவ்வகையில் நியாயம்?

எனினும், நியாயம் பேசினால் மட்டும் குடும்பம் நடந்துவிடாது. திருமணத்திற்கு முன்பே நாங்கள் இருவரும் சம்பளச் சீட்டுகளை மேசைமேல் வைத்துப் பேசினோம். செலவைச் சரிபாதியாகப் பிரித்தால் என் கையில் ஒன்றும் மிஞ்சாது. முழுவதையும் அவரே ஏற்றால் என் மனம் ஏற்காது. ஆகவே, வருமானத்திற்கேற்ற பங்கு என முடிவு செய்தோம். வீட்டுக் கடன் தவணையில் அவருக்கு இரு பங்கு, எனக்கு ஒரு பங்கு. பிற்பகலிலேயே நான் வீடு திரும்பிவிடுவதால் இரவுச் சமையல் என் பொறுப்பாயிற்று. உறவினர் சிலர் நகைத்தனர். என் புளிக்குழம்பை உண்டபின் நகைப்பு சற்றுக் குறைந்தது.

2009ஆம் ஆண்டு எங்களைச் சோதித்தது. உலகப் பொருளாதார நெருக்கடியால் என் மனைவியின் தொழிற்சாலையில் வேலை நாள்கள் குறைக்கப்பட்டன, சம்பளமும் குறைந்தது. வேலை நிலைக்குமா என்ற அச்சத்தில் அவர் பல இரவுகள் உறங்கவில்லை. அரசாங்க ஆசிரியனாகிய என் சிறிய சம்பளம் மாதந்தவறாமல் வந்தது. அதே விதிப்படி என் பங்கு கூடியது. அவருடைய பங்கு குறைந்தது. அதற்காக வீட்டில் என் குரலும் உயரவில்லை, அவருடைய குரலும் தாழவில்லை. முன்பு அவருடைய பங்கு பெரிதாக இருந்தபோது அவர் என்னிடம் எப்படி நடந்துகொண்டாரோ, அப்படியே நானும் நடந்துகொள்ள முடிந்தது.

இளைஞர்களே, உங்களைவிட அதிகம் கற்ற பெண்ணை விரும்பினால் தயங்காதீர்கள். அவருடைய பட்டத்தை எட்டிப் பிடிக்க ஓடவும் வேண்டா. கடன் எவ்வளவு, இரு வீட்டுப் பெற்றோருக்கும் மாதம் எவ்வளவு அனுப்புவது, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் விடுப்பு எடுப்பவர் யார் என்பனவற்றை முன்னரே மனந்திறந்து பேசிவிடுங்கள். பணத்தைப் பற்றி வெட்கமின்றிப் பேசக்கூடிய இருவருக்கு, யாருடைய சம்பளம் பெரியது என்பது கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி மட்டுமே.