வேலியோரத்து நிழற்படம்

யாம் மான்செஸ்டரில் வாழ்ந்த நாள்களில், புகைவண்டி ஆர்வலர் சிலர் திங்கள்தோறும் கூடிப் பழைய நிழற்படங்களைப் பகிர்ந்து காண்பது வழக்கம். ஒரு மாலை முதியவர் ஒருவர் கறுப்பு வெள்ளைப் படமொன்றை எடுத்து வைத்தார். மலைச்சரிவில் ‘ஆலிவர் குரோம்வெல்’ என்னும் நீராவி எஞ்சின் புகை கக்கி ஏறிக்கொண்டிருந்தது.

படத்தின் நாள் 1968 ஆகஸ்ட் 11. பிரிட்டிஷ் இரயில்வே தன் முதன்மைப் பாதைகளில் நீராவிக்கு விடைகொடுத்த நாள் அது. லிவர்ப்பூலிலிருந்து கார்லைல் சென்று மீண்ட அச்சிறப்பு வண்டிக்குக் கட்டணம் 15 கின்னி. அஃதாவது 15 பவுண்டு 15 ஷில்லிங்.

“தாங்கள் அதில் சென்றீர்களா?” என வினவினோம்.

“கட்டணத்துக்கு வழியில்லை, வேலியோரம் நின்றேன்” என்றார்.

அருகிருந்த நண்பரோ அவ்வண்டியிலேயே பயணம் செய்தவர். அவர் நீட்டிய படத்தில் எஞ்சின் இல்லை. வேலியோரம் திரண்டிருந்த மக்களே இருந்தனர். முதியவர் அதில் தம் இளமை முகத்தைத் தேடினார். தாம் இல்லை என்றார். எனினும் அப்படத்தை நெடுநேரம் கீழே வைக்கவில்லை.

பேழையில் உறங்கும் படம் பாதி வரலாறே. பகிரும்போதுதான் மறுபாதி வந்து சேர்கிறது. மாணவச் செல்வங்களே, உங்கள் இல்லத்துப் படங்களின் பின்புறத்தில் இன்றே நாளும் இடமும் எழுதி வையுங்கள், பிறர்க்கும் காட்டுங்கள்.