ரோவிங் வராத ரிங் பிரேம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டுத் திண்ணைதான் தங்கச்சியின் ‘ஆபீஸ்’. ஒரு மேஜை, ஒரு பிரிண்டர், 2012-இல் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப். வருமானச் சான்று, ஸ்காலர்ஷிப் என்று வருகிறவர்களுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுப்பாள். காலையில் அதை ஆன் பண்ணிவிட்டு, வாசல் தெளித்துக் கோலம் போட்டு முடித்து வந்தால் திரை வந்திருக்கும்.

பெங்களூரில் இருந்துகொண்டு போனில் நான் சொன்ன ஒரே பதில்: “பழசாப் போச்சு, புதுசு வாங்கு.” புதுசு என்றால் முப்பதாயிரம். அவள் மகளின் ஸ்கூல் பீஸ் அது.

2023 பொங்கலுக்குப் போனபோதுதான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். டாஸ்க் மேனேஜரில் சிபியு பத்து சதவீதத்தைத் தாண்டவில்லை. டிஸ்க் மட்டும் நூறிலேயே நின்றது.

அந்த ஹார்டு டிஸ்க் நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றுவது. ஒரு சுற்றுக்கு 11 மில்லி விநாடி. தேவையான இடம் ஹெட்டுக்குக் கீழே வர சராசரியாக அரைச் சுற்று ஆகும். ஹெட் அந்தத் தடத்துக்கு நகர இன்னும் பத்து மில்லி விநாடிக்கு மேல். ஆக, சிதறிக் கிடக்கும் துண்டுகளை விநாடிக்கு அறுபது எழுபது முறைதான் எடுக்க முடியும். விண்டோஸ் எழுந்திருக்க ஆயிரக்கணக்கான துண்டுகள் வேண்டும். எஸ்எஸ்டியில் சுற்றுவதற்கு எதுவும் இல்லை. ஒரு துண்டை எடுக்க மில்லி விநாடியில் பத்தில் ஒரு பங்கு போதும்.

ராஜபாளையத்தில் ஒரு மில்லில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆன அப்பா கேட்டார்: “இத மாத்துனா மெஷின் வேகமா ஓடுமா?”

“ஓடாதுப்பா. அதே வேகந்தான். காத்துக்கிட்டு நிக்காது.”

“சிம்ப்ளக்ஸ்ல இருந்து ரோவிங் வராம ரிங் பிரேம் நிக்கிற கதைன்னு சொல்லு. அப்ப ஸ்பிண்டில் ஸ்பீட ஏத்தி என்ன பிரயோஜனம்?”

அதேதான்.

எஸ்எஸ்டி 1,800 ரூபாய். பைல்களைக் காப்பி எடுத்துவிட்டு, ஸ்க்ரூவைக் கழற்றி மாட்டி, விண்டோஸைப் புதிதாக ஏற்றினேன். அரை நிமிடத்தில் எழுந்தது. புதிதாக ஏற்றியதற்கும் அதில் பங்கு உண்டு.

எல்லாமும் மாறிவிடவில்லை. பெரிய பிடிஎப்பைச் சுருக்க அதே நேரம்தான் ஆனது. அது சிபியுவின் வேலை. இணையத்தில் பக்கம் திறக்கும் வேகமும் அப்படியே. அது எங்கோ இருக்கும் சர்வரின் கையில். 2 ஜிபி ராம் என்பதால் பத்து டேப் திறந்தால் இன்னமும் திணறும். ராமில் கொள்ளாததை டிஸ்கில் தள்ளித் தள்ளி எடுக்க வேண்டுமே. ஆனால் முன்பு மாதிரி உறைந்துபோவதில்லை.

மறுநாள் காலை பழக்கத்தில் ஆன் பண்ணிவிட்டு வாளியை எடுக்கப் போனாள். சீக்கிரமே வந்து காத்திருந்த ஒரு ஆச்சி கூப்பிட்டார்: “ஏத்தா, உன் பொட்டி வந்திருச்சு.”

தங்கச்சி வாளியோடு திரும்பி வந்து திரையைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

“இத நீ முன்னாடியே சொல்லியிருக்கலாம்லண்ணே?”

என் லேப்டாப்பில் 2015-இலிருந்தே எஸ்எஸ்டிதான்.