ஆடுகள் படுத்திருந்த சாலை

டர்னஸிலிருந்து பெட்டிஹில்லுக்கு எழுபது கிலோமீட்டர்தான் இருக்கும். ஸ்காட்லாந்தின் வடகரையை ஒட்டிப் போகும் சாலை. அதைக் கடக்க எங்களுக்கு ஒரு முழுப் பகல் ஆயிற்று. ஜூன் மாதம் என்பதால் இரவு பத்து மணி தாண்டியும் வெளிச்சம் இருந்தது.

ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய சாலை அது. ஆங்காங்கே ஒதுங்கி நிற்க இடம் விட்டு, வெள்ளைப் பலகை நட்டிருக்கிறார்கள். வழிவிட்டவருக்கு மற்றவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை லேசாக உயர்த்திக் காட்டிவிட்டுப் போவார். மதியத்துக்குள் வண்டி ஓட்டிய என் நண்பருக்கும் அந்தக் கை படிந்துவிட்டது. ஆடுகள் மட்டும் யாருக்கும் ஒதுங்கவில்லை. குட்டிகளோடு நடுச்சாலையில் படுத்துக் கிடந்தன. அவை எழுந்து போகும்வரை காத்திருப்போம்; ஜன்னலைத் திறந்தால் உப்புக்காற்று முகத்தில் அறையும்.

எரிபோலில் கடல் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் நிலத்துக்குள் புகுந்து கிடக்கிறது. சாலை அதைச் சுற்றித்தான் போக வேண்டும். 1945 மே மாதம் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்கள் இங்கே வந்துதான் சரணடைந்தன. மேற்குக் கரை மலைச்சரிவில் கல் அடுக்கி பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் பெயர்களை எழுதியிருக்கிறார்கள். இங்கே நங்கூரமிட்ட நாட்களில் மாலுமிகள் செய்த வேலை. அதில் ஒன்று 'ஹூட்'. 1941 மே 24 அன்று அந்தக் கப்பல் மூழ்கியபோது அதிலிருந்த 1,418 பேரில் பிழைத்தவர்கள் மூன்றே பேர். அந்தக் கற்களைப் பார்த்தபின் வெகுநேரம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

டங் ஊரைத் தாண்டினால் பென் லாயல் மலை கூடவே வரும். வீடு கண்ணில் படுவதே அபூர்வம். மனிதர் கால் படாத நிலம் என்று எண்ணி அதன் அழகில் கிறங்கிப் போயிருந்தேன். பெட்டிஹில்லில், பழைய தேவாலயம் ஒன்றில் நடக்கும் ஸ்ட்ராத்நேவர் அருங்காட்சியகத்துக்குள் போன பிறகுதான் உண்மை உறைத்தது. ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கு முழுக்க ஒருகாலத்தில் ஊர்கள் இருந்தன. 1814இலும் 1819இலும் ஆட்டுப் பண்ணைக்காக அங்கிருந்த குடும்பங்களை வெளியேற்றினார்கள். திரும்பி வந்து குடியேறிவிடக் கூடாதென்று கூரை மரங்களைக் கொளுத்தினார்கள். 1814 வெளியேற்றத்தை முன்னின்று நடத்திய பாட்ரிக் செல்லர்மீது 1816இல் வழக்கு நடந்தது, விடுதலையாகிவிட்டார். துரத்தப்பட்டவர்களில் பலருக்குக் கிடைத்தது பாறைக்கரையில் ஒரு துண்டு நிலம். பெட்டிஹில் அப்படி உருவான ஊர். அவர்களை வெளியேற்றிய நிலச்சொந்தக்காரியான சதர்லாந்துச் சீமாட்டி எலிசபெத்தின் பெயர்தான் அந்த ஊருக்கு.

வெளியே வந்தபோது தேவாலயத்துக் கல்லறைகளுக்கு நடுவே புல் தழைத்திருந்தது. கீழே ஃபார் விரிகுடாவின் வெள்ளை மணலில் ஒருவரும் இல்லை. காலையில் எங்களை மறித்த ஆடுகளை நினைத்துக்கொண்டேன்.

அந்த வழியாகப் போகிறவர்கள் கடற்கரையை மட்டும் படமெடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்குக்குள் கொஞ்சம் நடந்து பாருங்கள். இடிந்த வீடுகளின் அடிச்சுவர்கள் புல்லுக்குள் இன்னும் இருக்கின்றன.