சாக்கைத் திருப்பிப் பார்

தேரூரில் தாத்தா வீட்டுக் களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ‘ஒன்று’ என்று சொல்ல மாட்டார்கள், ‘லாபம்’ என்பார்கள். கடைசியில் அளவு குறைந்தால் தாத்தா பதற மாட்டார். “கள்ளனத் தேடுகதுக்கு முன்ன சாக்கைத் திருப்பிப் பாருலே” என்பார்.

2019 செப்டம்பரில் செர்ன் ஆய்வகத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டிருந்தார்கள். பிரான்ஸின் செசி கிராமத்தில் லிஃப்டில் 100 மீட்டர் கீழே இறங்கினேன். பராமரிப்புக் காலம், 27 கிலோமீட்டர் வளையத்தில் புரோட்டான் ஓட்டம் இல்லை. புரோட்டான் மோதல்களைப் பதிவுசெய்யும், 14,000 டன் எடையுள்ள சிஎம்எஸ் கருவியைத் துண்டு துண்டாக விலக்கி வைத்திருந்தார்கள். கூட வந்த ஆராய்ச்சி மாணவன் தக்கலைக்காரன்.

“இருண்ட பொருள இதுக்குள்ள பாக்க முடியுமா மக்கா?”

“பாக்க முடியாது அண்ணாச்சி. குறையுகத மட்டுந்தான் பாக்க முடியும்.”

நேருக்கு நேர் வரும் புரோட்டான்களுக்குப் பக்கவாட்டில் உந்தம் கிடையாது. ஆகவே மோதித் தெறித்தவற்றின் பக்கவாட்டு உந்தங்களைத் திசையோடு சேர்த்துக் கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும். வராவிட்டால் ஏதோ ஒன்று சுவடில்லாமல் வெளியேறியிருக்கிறது. நியூட்ரினோ அப்படி நழுவுகிற பழைய ஆள். அதன் பங்கைக் கணக்கிட்டுக் கழித்துவிடலாம். அதற்கு மேலும் குறைந்தால்? ஒவ்வொரு துகளுக்கும் ஒரு ஜோடி உண்டு என்கிற சூப்பர்சிமெட்ரி கோட்பாடு, நியூட்ரலினோ என்ற பெயரைச் சொல்கிறது. கண்ணுக்குப் புலப்படும் பொருளைப்போல ஐந்து மடங்கு இருக்கும் இருண்ட பொருள் அதுவாக இருக்கலாம்.

ஆனால் சாக்கில் ஓட்டை இருந்தால்? சில துகள்கள் கருவியின் காந்தச் சுருளையும் தாண்டி ஆற்றலைக் கொண்டுபோய்விடும். கள்ளனே இல்லாமல் களவு போனதாகக் கணக்கு வரும். அதைத் தடுக்கச் சுருளுக்கு வெளியே ஆற்றலை அளக்கும் இன்னொரு அடுக்கு இருக்கிறது. மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனத்தாரும் சண்டிகர் பஞ்சாப் பல்கலைக்கழகத்தாரும் செய்து கொடுத்தது.

அந்த அடுக்கின் மாதிரி ஓடு ஒன்றை அவன் மேசைமேல் வைத்தான். ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள பிளாஸ்டிக் பலகை. துகள் பாய்ந்தால் நீலமாக மினுங்கும். கறுப்பு உறையைப் பிரித்தான். உள்ளே வெள்ளைத் தாள். அதற்கும் உள்ளே, வளைந்தோடும் பள்ளத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிய இழை. நீலத்தை வாங்கிப் பச்சையாக மாற்றி வெளியே கடத்துவது அந்த இழைதான். விளக்கை நீட்டினான். இழையின் நுனி, நாற்றங்கால் பயிர்போலப் பச்சையாக எரிந்தது. இழையைப் பள்ளத்தில் பதிப்பது பொறுமையான கைவேலை. வெளிவெளிச்சம் துளி கசிந்தாலும் பொய்க் கணக்கு விழும்.

“கள்ளன் ஆப்பிட்டானா?”

“இதுவரைக்கும் இல்ல. இன்னின்ன எடையில அவன் இல்லன்னு ஒவ்வொரு அறையா அடைச்சிட்டு வாரோம்.”

அதைச் சொல்லத் துணிவதற்கே சாக்கு ஒழுகாமல் இருக்க வேண்டும். பேச்சினூடே கறுப்பு உறையை மடித்துச் சுற்றி, டேப்பை விரலால் நீவி நீவி ஒட்டினான்.

“காட்சிக்கு வச்சதுதானே, இதுக்கு எதுக்கு இம்புட்டு கவனம்?”

“கை பழகிப் போச்சி அண்ணாச்சி.”