ஏரிப் பாசன ஊர்கள் – 4: பாகூரில் ஆனைக்கொம்பன்

சென்ற வாரம் ஊசுட்டேரிக் கரையில் நின்ற பயணம் வில்லியனூர், கரிக்கலாம்பாக்கம் தாண்டிப் பாகூருக்கு வந்திருக்கிறது. புதுச்சேரியின் நெற்களஞ்சியம் இது. சொர்ணாவூர் அணையில் திரும்பும் தென்பெண்ணைத் தண்ணீர் பங்காரு வாய்க்கால் வழியே இந்த ஏரியை நிரப்புகிறது. ஐப்பசி மூட்டம். சம்பாப் பயிர் தூர் கட்டும் பருவம்.

வரப்பில் நின்ற பெரியவர் ஒரு சிம்பைப் பிடுங்கிக் கொடுத்தார். “ஆனைக்கொம்பன் சார். இதுல கதிர் வராது.”

இலை விரிய வேண்டிய இடத்தில் வெங்காயத் தாள் போல வெளுத்த குழல் ஒன்று நீண்டிருந்தது.

குழலை வளர்த்தது பயிர்தான். வளர்க்க வைத்தது கொசு அளவிலான செந்நிற ஈ. கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் ஜேம்ஸ் உட்-மேசன் 1889இல் இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். ஒரு பெண் ஈ 100 முட்டைக்கு மேல் இடும். பொரிந்த புழு குருத்தின் அடிவரை ஊர்ந்து இறங்க இலையில் ஈரம் வேண்டும். அதனால்தான் தூறலும் மூட்டமுமான நாட்களில் இதன் பெருக்கம் அதிகம். அடிக்குருத்தில் அது தின்னத் தொடங்கியதும் இலையுறை உருமாறி, புழுவைச் சுற்றி அறையாகிறது. கூட்டுப்புழு குழலுக்குள்ளேயே மேலேறி, நுனியருகே துளையிட்டு, இரவில் ஈயாகப் பறந்துவிடும். ஏறக்குறைய மூன்று வாரத்தில் ஒரு தலைமுறை முடிகிறது.

குளிர்நாடுகளில் வில்லோ மரக் குச்சி நுனியின் இலைகளை ரோஜா வடிவக் கொத்தாக மாற்றும் ஈயும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். மரம் அதைத் தாங்கிக்கொள்ளும். நெல்லில் ஒரு சிம்பு போனால் ஒரு கதிர் போயிற்று.

“மருந்து அடிக்கலையா ஐயா?”

“உள்ள யாரு இருக்கான்னு பார்க்காம அடிக்கக் கூடாது.”

இந்தப் பொறுமை எனக்கு மிகவும் பிடித்தது. பிளாட்டிகாஸ்டர் ஒரைசே என்ற மிகச்சிறிய குளவி, ஈயின் முட்டைக்குள் தன் முட்டையைச் செலுத்துகிறது. அது உள்ளேயே பலவாகப் பிரிய, ஒரே புழுவிலிருந்து பல குளவிகள் வெளிவருகின்றன. அவசரப்பட்டுத் தெளிக்கும் நஞ்சு இவற்றையும் சேர்த்துத்தான் கொல்கிறது. குளவி தாக்கிய குழல்களை, நட்ட 10ஆம் நாள், 10 சதுர மீட்டருக்கு ஒன்று வீதம் வயலில் வைக்கச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். நூற்றுக்குப் பத்து சிம்பு குழலானால்தான் மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும். அடுத்த பட்டத்துக்கு, இந்த ஈயைத் தாங்கி நிற்கும் எம்.டி.யு. 3 போன்ற ரகங்களும் இருக்கின்றன.

பெரியவர் எண்ணியபடி அடுத்த வரப்புக்கு நகர்ந்தார். அவர் கணக்கில் இன்னும் பத்து எட்டவில்லை.

அடுத்த வாரம்: பாகூர் மூலநாதர் கோயில்.