மீனாட்சி ஊரில் இரண்டு நாள்

"குழந்தைகளை யாரிடம் விட்டுவிட்டுப் போகிறாய்?"

பெட்டியும் கையுமாக ஒரு பெண் வாசற்படியைத் தாண்டினால் போதும், அண்டை வீடு முதல் அத்தை வீடு வரை இந்த ஒரே கேள்விதான்! அதே வீட்டு ஆண்பிள்ளை நாலு நாள் வெளியூர் கிளம்பினால், "சட்டை எடுத்து வைத்தாயிற்றா?" என்பதோடு சரி. குழந்தைகள் அவருக்கும் குழந்தைகள்தானே என்ற ஞாபகம் யாருக்கும் வருவதில்லை.

வாசகிகளே, அந்தக் கேள்விக்கு "அவர்கள் அப்பாவிடம்" என்று பதில் சொல்லிவிட்டுச் சென்னையிலிருந்து புறப்பட்டோம் நாங்கள் நால்வர். கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். ஒருத்திக்கு பாங்கியில் வேலை. ஒருத்தி பள்ளிக்கூட டீச்சர். மூன்றாமவளுக்கு வீட்டு நிர்வாகம். அதாவது, சம்பளமும் லீவும் இல்லாத உத்தியோகம். நான்காவது ஆசாமி பத்திரிகைக்காரி. இவர்களில் அந்த வீட்டு நிர்வாகி, பிள்ளை பிறந்த ஒன்பது வருஷத்தில் ஒரு ராத்திரிகூடத் தனியாக வெளியூரில் தங்கியதில்லை. "ரயில் ஏறும்வரை நிச்சயம் சொல்ல மாட்டேன்" என்றுதான் அவள் டிக்கெட்டுக்கே சம்மதித்தாள்!

எங்கே போவது என்பதில் விவாதமே இல்லை. பெண்ணரசு நடக்கும் ஊர் பக்கத்திலேயே இருக்க, வேறு ஊர் எதற்கு? வெள்ளிக்கிழமை இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால், சனிக்கிழமை விடிகாலையில் மதுரை. ஞாயிறு இரவு அதே ரயிலில் ஏறினால், திங்கள் காலை குழந்தைகளின் டிபன் டப்பாவுக்குள் வீடு வந்து சேர்ந்துவிடலாம்.

இலையில் விழுந்த இட்லி

மதுரையைத் 'தூங்கா நகரம்' என்பார்கள். நாங்கள் இறங்கிய வேளையிலும் ஊர் விழித்துத்தான் இருந்தது. குளித்து முடித்துக் கோயில் பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டலில் நுழைந்தோம். வாழையிலையில் ஆவி பறக்கும் இட்லி, நாலு வகைச் சட்னி. நம் வீட்டு நிர்வாகி இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி, சாப்பிடேன்?"

"இல்லை... சூடான இட்லியை உட்கார்ந்து சாப்பிட்டு எத்தனை நாளாச்சு என்று கணக்குப் பார்க்கிறேன்" என்றாள்.

அடுப்படியில் நின்று, கடைசி ஈட்டை ஆறிப்போன பிறகு சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு அந்தக் கணக்கு புரியும். டீச்சரம்மா ஒன்றும் பேசாமல் சப்ளையரைக் கூப்பிட்டு, "இங்கே இன்னும் இரண்டு" என்றாள்.

அப்போதுதான் வீட்டுக்குப் போன் போட்டாள் அவள். பிள்ளை எடுத்தான். "அம்மா, நான் அப்பாகூட தோசை வார்க்கிறேன், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டானாம்! அவள் முகத்தில் பாதி சிரிப்பு, பாதி வாட்டம். "அழுவான் என்று பயந்தேன். அழவில்லை என்றதும் ஏனடி மனசு இப்படிச் சங்கடப்படுகிறது?" என்றாள். பதில் சொல்ல எங்களுக்கும் தெரியவில்லை.

செங்கோல் யார் கையில்?

மீனாட்சியம்மன் கோயிலுக்குள் கைப்பேசி கொண்டு போக 2018 முதல் தடை. வாசலில் கொடுத்துச் சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். இதைவிடப் பெரிய வரம் வேறு உண்டா? இரண்டு மணி நேரம் "அம்மா, சாக்ஸ் எங்கே?" என்று எவராலும் கேட்க முடியாது!

கீழைப் பக்கம் அஷ்டசக்தி மண்டபம் வழியாக நுழைந்தால் நேரே அம்மன் சந்நிதிக்குத்தான் போகிறோம். முதல் வணக்கம் அவளுக்கு, சுந்தரேசர் அப்புறம்தான். சித்திரைத் திருவிழாவில் அம்மனுக்குப் பட்டாபிஷேகம் செய்து செங்கோல் கொடுக்கிறார்கள். ஆவணியில் சுந்தரேசர் முடி சூட்டிக்கொள்ளும்வரை மதுரையில் அவள் ராஜ்யம். இரவு கடைசிப் பூஜையில் சொக்கநாதரின் திருப்பாதங்கள் பல்லக்கில் ஏறி அம்மன் சந்நிதிப் பள்ளியறைக்கு வருகின்றன. அவர் தேடி வருகிறார், அவள் போவதில்லை. "இதை எங்கள் வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும்" என்றாள் பாங்கிச் சிநேகிதி.

ஆயிரங்கால் மண்டபத்தில் உண்மையில் 985 தூண்கள்தான். எண்ணிப் பார்க்க எங்களுக்கு நேரம் இருந்தது; ஆனால் ஐம்பதாவது தூணுக்குள் பழைய கல்லூரிக் கதை ஒன்று வந்து கணக்கைக் கலைத்துவிட்டது. ஆடி வீதியில் உட்கார்ந்து அரட்டை அடித்தோம். இந்த ஆடி வீதிக்கு வெளியே சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று கோயிலைச் சுற்றி மாதங்களே வீதிகளாக வளைத்து நிற்கின்றன. வழி தவறினாலும் கோபுரத்தைப் பார்த்துத் திரும்பிவிடலாம்.

மாலையில் பூக்காரியிடம் மல்லிகை வாங்கினோம். 2013-ல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி! "மொட்டாப் பாத்து வாங்கிக்க தாயி, ராத்திரிதான் மலரும்" என்று முழம் போட்டுக் கொடுத்தாள். சுங்குடிச் சேலைக் கடையில் ஆளுக்கொன்று. அதற்குப் பிறகு, பாலும் கடற்பாசியும் நன்னாரி சர்பத்தும் ஐஸ்கிரீமும் சேர்ந்த ஜிகர்தண்டா. பங்கு கேட்க யாரும் இல்லாததால் ஒரு தம்ளரை முழுசாக ஒருத்தியே குடிக்கலாம்!

மடியில் பேரன், தோளில் ராஜ்யம்

ஞாயிறு காலை காந்தி நினைவு அருங்காட்சியகம். 1921 செப்டம்பர் 22-ல் காந்திஜி மேலாடையைத் துறந்து நாலு முழ வேட்டிக்கு மாறியது இந்த மதுரையில்தான். அவர் சுடப்பட்டபோது உடுத்தியிருந்த ரத்தக் கறை படிந்த துணி இங்கே இருக்கிறது. அதன் முன்னால் எங்கள் அரட்டை தானாக நின்றது.

1959-ல் நேரு திறந்து வைத்த இந்த அருங்காட்சியகக் கட்டடம் முன்னாளில் ராணி மங்கம்மாளின் அரண்மனை. அவள் கதையை நினைத்துப் பாருங்கள். கணவன் போனான். பிறகு மகனும் போனான். கையில் ஒரு பச்சைக் குழந்தை, பேரன். 1689-ல் அவனுக்குப் பட்டம் கட்டி, அவன் பெயரால் தானே ஆட்சி நடத்தினாள். சாலை போட்டாள், சத்திரம் கட்டினாள். அவள் பெயரிலான சத்திரம் இன்றும் ரயில் நிலையத்துக்கு எதிரே நிற்கிறது.

"அந்தப் பேரனை யார் தூங்க வைத்திருப்பார்கள்?" என்று கேட்டாள் நம் நிர்வாகி.

"அரண்மனையில் ஆளா இல்லை?" என்றாள் டீச்சரம்மா.

"அதுதான் சொல்கிறேன். கொடுக்க ஆள் இருந்தால் கொடுக்க வேண்டியதுதான். நான்தான் இத்தனை நாள் யாரிடமும் கொடுக்கவில்லை."

அவள் வாட்டம் அங்கேதான் கலைந்தது.

மத்தியானம் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கீழடிக்கு ஆட்டோவில் போனோம். 2023-ல் திறந்த அருங்காட்சியகம். செட்டிநாட்டு பாணிக் கட்டடம். இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய தக்களிகள், பாசிமணிகள், பெயர் கீறிய பானை ஓடுகள். இவற்றோடு வட்டமாகத் தேய்த்த விளையாட்டுச் சில்லுகளும். அந்தக் காலத்திலும் நூல் நூற்றிருக்கிறார்கள், விளையாடியும் இருக்கிறார்கள்!

புறப்பட விரும்புகிறவர்களுக்கு

கார்த்திகை முதல் மாசி வரை வெயில் தணிந்திருக்கும். தங்குவதற்குக் கோயில் பக்கமாகவே இடம் பாருங்கள். பாதி ஊரை நடந்தே முடிக்கலாம். கோயில் நடை மத்தியானம் சாத்திவிடுவார்கள், காலையிலேயே போய்விடுங்கள். முக்கியமாக ஒன்று: வீட்டில் எழுதி வைக்கும் குறிப்பு ஒரு தாளுக்கு மேல் போக வேண்டாம். மருந்து எங்கே, டாக்டர் நம்பர் என்ன என்பது போதும். பருப்பு டப்பா எது என்பதை அவர்களே கண்டுபிடிக்கட்டும்.

நாங்கள் திரும்பிய வீடுகளில் பாத்திரம் கொஞ்சம் குவிந்திருந்தது. ஒரு வீட்டில் பால் பொங்கி அடுப்பு அணைந்திருந்தது. குழந்தைகள் எல்லோரும் நலம். நம் நிர்வாகி வீட்டில் ஞாயிற்றுக்கிழமை தோசை இப்போது அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து நடத்தும் இலாகா. அவள் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

அடுத்த தடவை தஞ்சாவூர் என்று தீர்மானமாகியிருக்கிறது. தேதி குறித்தவள் அவள்தான்.